வைக்கோல் வண்டியின் முன்சக்கரங்கள்

பின்சக்கரம் இரண்டும் இருபது நிமிடத்தில் கழன்று வந்துவிட்டன. முன்சக்கரம் இரண்டும் காலை எட்டு மணியிலிருந்து அசைந்து கொடுக்கவில்லை. லூமிருக்கு இது பிடிபடவே இல்லை. நான்கும் ஒரே டாட்ஜ் பிக்கப்பிலிருந்து வந்த சக்கரங்கள். முப்பத்தைந்து வருடமாக ஒரே வைக்கோல் வண்டியின் அடியில், ஒரே பனியிலும் மழையிலும் நின்றவை. பின்னால் இருப்பவை வழிவிட்டிருக்க, முன்னால் இருப்பவை மட்டும் ஏன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கின்றன?

நான்கடி நீள இரும்புக் குழாயை ஸ்பேனர் பிடியில் செருகி, தன் நூற்றுப் பத்து கிலோ உடம்பை முழுவதும் அதன்மேல் சாய்த்தான். குழாய் வளைந்தது. ஸ்பேனர் முனகியது. பிறகு டக்கென்று ஒரு சத்தம். குழாயோடு சேர்ந்து அவனும் புல்லில் போய் விழுந்தான்.

"வந்துடுச்சா?" என்று வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிழவர் லாடி கேட்டார்.

"வந்துச்சு. தலை மட்டும் வந்துச்சு."

லாடி சுற்றிக்கொண்டு வந்து பார்த்தார். லூமிரின் உள்ளங்கையில் போல்ட்டின் தலை கிடந்தது. முறிந்த இடம் புதுக்காசு மாதிரி பளபளத்தது. உடல், சக்கரத்தைத் தாங்கும் ஹப்புக்குள்ளேயே தங்கிவிட்டது.

"சரி விடு. அப்படியே எல்லாத்தையும் ஒடிச்சுப் போடு. சக்கரம் தானா வந்துடும்ல? ஹப்பு போனாப் போகுது, எனக்கு வேணாம்."

"சக்கரம் வரும் லாடி. அப்புறம் அதை நார்பர்ட் வண்டியில எதை வச்சு மாட்டுறது? கயித்தப் போட்டுக் கட்டுறதா?"

லாடிக்கு எழுபத்து நான்கு வயது, ஒண்டிக்கட்டை. தன் வயலைக் காற்றிலிருந்து காக்க வரிசையாக நட்ட செடார் மரங்களுக்கு நடுவில், அவருடைய அப்பா ஒரு பழைய டாட்ஜின் அச்சுகளையும் சக்கரங்களையும் வைத்துச் செய்த இந்த வண்டியை ஒன்பது வருடமாக நிறுத்தி வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை அவரே லூமிருக்குப் போன் போட்டு, "வந்து சக்கரத்தைக் கழட்டிட்டுப் போ" என்றார். முந்தின நாள்தான் நார்பர்ட் செத்துப்போயிருந்தான்.

நார்பர்ட் கோட்டாஸ், ஊர்க் கூட்டுறவுத் தானியக் கிடங்கில் எடைமேடைக்காரன். அங்கேயே டயர் கடையைப் பார்த்துக்கொள்கிறவன் லூமிர். மக்காச்சோள அறுவடை நடக்கும் அக்டோபர் மாதம். திங்கட்கிழமை காலை ஒரு லாரியை எடை போட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவன், அடுத்த லாரி ஹாரன் அடித்தபோது எழுந்திருக்கவில்லை. நாளை வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அடக்கம். எட்டு வருடமாக அவன் புதுப்பித்துக்கொண்டிருந்த 1949 டாட்ஜ் பிக்கப்பில்தான் அவனைக் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவன் மனைவி ஆர்டித் சொல்லிவிட்டாள். வண்டியில் எல்லாம் தயார். எஞ்சின் ஓடியது, கரும்பச்சைப் பெயின்ட் முகம் தெரிய மின்னியது. நான்கு புது டயரும் ட்யூபும் கராஜில் காத்திருந்தன. சக்கரம் மட்டும் இல்லை. வண்டி நான்கு மரக்கட்டைகள்மேல் நின்றது.

பழைய பிக்கப்பைப் புதுப்பிப்பதில் எஞ்சின்தான் பெரிய பாடு என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. கெட்டுப்போன எஞ்சினை யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள்; அது கிடந்த இடத்திலேயே கிடக்கும், தேடினால் அகப்படும். நார்பர்ட்டும் லூமிரும் முகப்புக் கிரில்லை அயோவாவில் ஒரு பழைய சாமான் சந்தையில், வாழ்த்து அட்டை விற்கிறவளின் மேசைக்கு அடியில் கண்டுபிடித்தார்கள். இடது கதவு ஒரு பண்ணையில் கோழிக்கூண்டின் கதவாக இருந்தது. அந்த வீட்டுக்காரி தினமும் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கித் தீனி போட்டுவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தாள். அதனால் கண்ணாடி ஏற்றும் பொறி எண்ணெய் போட்டதுபோல வேலை செய்தது. "கதவை எடுத்துட்டுப் போங்க, ஆனா கோழிக்கு வேற கதவு செஞ்சு கொடுத்துட்டுப் போங்க" என்றாள். ஒரு சனிக்கிழமை முழுக்க இருவரும் கோழிக்கூண்டுக்குத் தச்சுவேலை பார்த்தார்கள்.

சக்கரம் அப்படியல்ல. வண்டி ஓய்ந்தாலும் சக்கரம் ஓயாது. விவசாயி அதைக் கழற்றி விதைப்பு இயந்திரத்துக்கோ, தீவனத் தொட்டிக்கோ, வைக்கோல் வண்டிக்கோ மாட்டிவிடுவான். அதுவும் வீணாய்ப் போனால் அங்கிருந்து இன்னொன்றுக்குப் போகும். ஆகவே சக்கரம் தேடுகிறவன் காயலான் கடைக்குப் போய்ப் பயனில்லை. சாலையில் போகும்போது வயல் ஓரங்களைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். தகரம், பலகை, களை எதையும் பார்க்காமல் அடியில் என்ன உருள்கிறது என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

அதிலும் இந்த வண்டிக்கு எந்தச் சக்கரமும் ஆகாது. பெரும்பாலான வண்டிகளில் ஹப்பிலிருந்து மரையுள்ள கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தை அதில் மாட்டித் தொங்கவிட்டு நட்டைப் போட்டு முடுக்குவோம். பழைய டாட்ஜில் கம்பி கிடையாது. ஹப்பில் ஐந்து துளைதான். போல்ட் வெளியிலிருந்து சக்கரத்தின் வழியாக நுழைந்து அந்தத் துளையில் இறங்கி முடுகும். தொங்கவிட ஒன்றும் இல்லாததால், சக்கரத்தை முழங்காலில் தாங்கிக்கொண்டு துளைக்குத் துளை பார்த்து முதல் போல்ட்டை நுழைப்பதற்குள் இடுப்பு போய்விடும். அதற்காக ஹப்பில் விரல்நுனி அளவுக்கு ஒரு முளை வைத்தார்கள். சக்கரத்தில் அதற்கு ஒரு சின்னத் துளை. சக்கரத்தை முளையில் மாட்டினால் மற்ற ஐந்தும் தானே நேருக்கு நேர் வந்துவிடும். ரொம்ப அழகான ஏற்பாடு. ஆனால் பிற்காலத்தில் வந்த சக்கரங்களில் அந்தச் சின்னத் துளை இல்லை. அதைக் கொண்டுவந்து மாட்டினால் முளைமேல் ஏறிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். ஓட்டினால் குடிகாரன் மாதிரி ஆடும்.

"முளையை அறுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது" என்று பலபேர் நார்பர்ட்டிடம் சொன்னார்கள். "அறுத்துட்டா அப்புறம் எதுக்கு நான் இந்த வண்டியைக் கட்டிக்கிட்டு அழணும்?" என்பான்.

ஐந்து பெரிய துளை, ஒரு சின்னத் துளை. அந்தச் சின்னத் துளையைத்தான் ஐந்து வருடத்துக்கு முன் லாடியின் செடார் மரங்களுக்கு நடுவில் நார்பர்ட் பார்த்தான். நான்கு சக்கரத்திலும் இருந்தது. இருபது போல்ட்டும் இருந்தன. போய்க் கேட்டான். லாடி இல்லையென்றார். மறுமாதம் போய்க் கேட்டான். இல்லையென்றார்.

இப்போது லாடியே கொடுத்துவிட்டார். வண்டிதான் கொடுக்க மாட்டேன் என்கிறது.

போல்ட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இந்த வண்டிக்காரர்கள் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருப்பது. தெரியாதவன் முதல் நாளே இரண்டு போல்ட்டை ஒடித்துவிட்டுக் கற்றுக்கொள்வது. வழக்கமான மரை கடிகார முள் போகும் பக்கம் திருப்பினால் இறுகும், எதிர்ப்பக்கம் திருப்பினால் கழலும். வண்டி முன்னால் ஓடும்போது இடதுபக்கச் சக்கரத்தை வெளியே நின்று பார்த்தால், அது முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் சுற்றும். அதாவது போல்ட் எந்தப் பக்கம் கழலுமோ அதே பக்கம். ஓடி ஓடி சக்கரமே தன் போல்ட்டைக் கழற்றிக்கொண்டுவிடுமோ என்று அந்தக் காலத்து டாட்ஜ்காரர்கள் பயந்தார்கள். அதனால் இடதுபக்கத்துக்கு மட்டும் மரையைத் தலைகீழாக வெட்டினார்கள். முள் போகும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இதற்கு இடது மரை என்று பேர். வலதுபக்கம் வழக்கமான மரை.

லூமிர் காலையில் இந்த விதிப்படிதான் பின்சக்கரங்களில் கை வைத்தான். இடதுபக்கத்தை முள் போகும் பக்கம் திருப்பினான். துரு பொடிந்து, ஐந்தும் வந்தன. வலதுபக்கத்தை எதிர்ப்பக்கம் திருப்பினான். அவையும் வந்தன. பிறகு அதே விதியோடு முன்னால் போனான். துரு இளக்கும் எண்ணெய் ஊற்றினான். கால் மணி நேரம் காத்திருந்தான். சுத்தியலால் தட்டினான். குழாயைச் செருகினான். இதோ, ஒன்று ஒடிந்தும்விட்டது.

"சூடு காட்டிப் பாப்பமா? கொட்டகையில கேஸ் வெல்டிங் டார்ச் இருக்கு" என்றார் லாடி.

"மழை பெஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. இந்த மரத்துக்கடியில நெருப்பைக் காட்டினீங்கன்னா நாளைக்கு ரெண்டு அடக்கம் நடத்தணும்."

"என்னோடது சிக்கனமா முடிஞ்சிடும். பெட்டி தேவையில்ல."

லூமிருக்குச் சிரிப்பு வந்தது. சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். லாடி பால் கறக்கும் பழைய முக்காலியைக் கொண்டுவந்து எதிரில் போட்டார்.

"லூமிர், ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லு. ஊர்ல என்ன பேசிக்கிறாங்க? கிழவன் உயிரோட இருக்கிறப்ப குடுக்கல, செத்தப்புறம் குடுக்கிறான்னுதானே?"

"சில பேரு."

"நீ?"

லூமிர் ஸ்பேனரைத் துடைத்தான். "நானும்தான். ஏன் லாடி? ஒம்பது வருஷமா இதுல ஒரு கட்டு வைக்கோல் ஏத்தல நீங்க. அப்பா செஞ்சதுன்னு சொன்னீங்க. சரி, வேற சக்கரம் மாட்டித் தர்றேன்னு அவன் சொன்னானே. டயர் போட்டு, பெயின்ட் அடிச்சு."

"சொன்னான். ஒவ்வொரு மாசமும் சொன்னான்." லாடி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெயில் படாத நெற்றி வெள்ளையாக இருந்தது. "மாசத்து முதல் ஞாயிறு, பூசை முடிஞ்ச கையோட வருவான். ஆர்டித் சுட்ட கொலாச்சே ஒரு தட்டு கொண்டாருவான், கசகசா பூரணம் வச்ச ரொட்டி. காப்பி போடுவேன். மழையப் பத்திப் பேசுவான், பேஸ்பால் பத்திப் பேசுவான், யாரு சோளத்துல எவ்வளவு ஈரம் இருந்துச்சுன்னு சொல்லக்கூடாததெல்லாம் சொல்லுவான். கிளம்புறப்ப கதவுகிட்ட நின்னு, 'அப்ப அந்தச் சக்கரம்?' அப்பிடிம்பான். நான் 'இப்ப முடியாதுப்பா' அப்பிடிம்பேன். 'சரி, அடுத்த மாசம்' அப்பிடின்னுட்டுப் போயிடுவான்."

"அதான் கேக்கிறேன். ஏன்?"

"குடுத்துட்டா அவன் எதுக்கு வருவான்?"

செடார் மரங்களில் காற்று போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் யாருடைய அறுவடை இயந்திரமோ வயலின் கோடியில் திரும்பியது. லூமிர் எழுந்து வலதுபக்க முன்சக்கரத்துக்குப் போய், இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினான். ஏற்கெனவே ஊற்றிய எண்ணெயே காயவில்லை.

ஒரு மணி சுமாருக்கு ஆர்டித்தின் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. இறங்கும்போதே அவள் கண் புல்லில் கிடந்த இரண்டு சக்கரங்களை எண்ணிவிட்டது. மீதி இரண்டும் வண்டியிலேயே இருப்பதையும் பார்த்துவிட்டது. கையில் காகிதப் பை.

"பன்றிக்கறி சாண்ட்விச். சர்ச் அடித்தளத்துல நூறு பேருக்குச் செஞ்சு வச்சிருக்காங்க, துக்கத்துல இருக்கிற நானே அதைத் தின்னு தீர்க்கணுமாம். பிடி. என்ன ஆச்சு?"

"ரெண்டு வந்துடுச்சு."

"ரெண்டு சக்கரத்துல போறதுக்கு அவன் சைக்கிளா கட்டினான்?"

"முன்னாடி ரெண்டும் அசைய மாட்டேங்குது ஆர்டித். எனக்கே புரியல. ஒரு போல்ட்டை ஒடிச்சுட்டேன்."

"ஒண்ணு போனா?"

"ஒரு சக்கரத்துக்கு அஞ்சுல நாலு இருந்தா கல்லறை வரைக்கும் மெதுவாப் போயிடலாம். ரெண்டு போச்சுன்னா நான் ஓட்ட மாட்டேன். அந்த இடது மரை போல்ட்டு இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தக் கடையிலயும் கிடையாது. தபால்ல வரவழைக்க ஒரு வாரம் ஆகும்."

ஆர்டித் தலையை ஆட்டினாள். தூங்காத கண்கள். ஆனால் குரலில் தளர்ச்சி இல்லை. "அடக்கம் நடத்துறவர் தன் கறுப்புச் சவ வண்டியைக் கழுவணுமா வேணாமான்னு அஞ்சு மணிக்குள்ள கேட்டிருக்கார். ஏழு மணிக்கு ஜெபமாலை. எட்டு வருஷம் அந்த வண்டி என் கராஜுல நின்னுச்சு, என் கார் பனியில நின்னுச்சு. ஒரு நாளாவது அது ஓடி நான் பாக்கணும். வண்டியை லாரியில ஏத்தி அதுமேல அவனை வச்சுக் கொண்டுபோறதெல்லாம் வேணாம். அந்த வண்டி தன் சக்கரத்துல உருண்டு போகணும். முடியலன்னா கறுப்பு வண்டி. அதுல ஒண்ணும் அவமானம் இல்ல. ஆனா அஞ்சு மணிக்குச் சொல்லிடு."

லாடி தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றிருந்தார். "ஆர்டித், நான்…"

"தெரியும் லாடி."

"என்ன தெரியும்? நான் முன்னாடியே குடுத்திருந்தா அவன் இதை ஓட்டியிருப்பான்."

"ஓட்டியிருப்பான். அப்புறம் உங்ககிட்ட வேற ஏதாவது இருக்கான்னு தேடிக்கிட்டு வந்திருப்பான். இங்கேருந்து வீட்டுக்கு வர்றப்ப எப்பவும் சிரிச்சுக்கிட்டேதான் வருவான். 'கிழவன் இன்னைக்கும் கவுத்துட்டான்' அப்பிடிம்பான்." அவள் கார்க் கதவைத் திறந்தாள். "மாசாமாசம் கொலாச்சே சுட்டவ நான். கோபப்படணும்னா நான்தான் படணும். எனக்கு இப்ப அதுக்கு நேரமில்ல. அஞ்சு மணி, லூமிர்."

கார் போன பிறகும் லாடி சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு லூமிர் பக்கம் திரும்பி, "சொல்லு, நான் என்ன செய்யணும்? சும்மா நிக்க முடியல" என்றார்.

லூமிர் சாண்ட்விச்சை இரண்டு வாயில் முடித்துவிட்டு யோசித்தான். வலதுபக்கச் சக்கரம் ஒரு செடார் மரத்துக்கு நெருக்கமாக நின்றது. குழாயைச் சுற்ற இடம் போதவில்லை. சக்கரத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பினால் நன்றாகக் காலூன்றி அழுத்தலாம். "ஏர்க்காலைப் பிடிச்சு உங்க பக்கமா இழுங்க. சக்கரம் எவ்வளவு திரும்புதுன்னு நான் அடியில படுத்துப் பாக்கிறேன். எதாவது தடுத்தா நிறுத்தச் சொல்றேன்."

டிராக்டரில் மாட்டி இழுக்கும் நீண்ட ஏர்க்கால் அது. லாடி இரண்டு கையாலும் அதைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தார். லூமிர் மல்லாந்து முன் அச்சுக்கு அடியில் நகர்ந்தான். செடார் முட்கள் முதுகில் குத்தின. தலைக்கு மேலே ஏர்க்கால் அசைந்தது. அதன் அடிப்பக்கம் ஒரு நீண்ட இரும்புத் தண்டோடு கொக்கி போட்டிருந்தது. தண்டு பக்கவாட்டில் நகர, அதன் இரண்டு முனைகளிலும் இருந்த சக்கரங்கள் சேர்ந்தாற்போலத் திரும்பின. அது டை ராட். இரண்டு முன்சக்கரங்களையும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டு, ஒன்று திரும்பினால் மற்றதையும் திருப்பும் தண்டு.

"போதுமா?"

லூமிர் டை ராட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எதுவோ சரியில்லை. நார்பர்ட்டின் வண்டிக்கடியில் போன குளிர்காலம் முழுக்க இதே தண்டோடு மல்லுக்கட்டியிருக்கிறான். முன்பக்கமாகப் படுத்து நுழைந்தால் முதலில் மூக்குக்கு மேலே வருவது கனமான அச்சு. அதைத் தாண்டி இன்னும் உள்ளே நகர்ந்தால்தான் டை ராட் கைக்கு எட்டும். அச்சுக்குப் பின்னால். இங்கே அச்சுக்கு முன்னால் இருக்கிறது. நுழைந்ததும் நேராக அவன் முகத்துக்கு மேல்.

"லாடி."

"என்ன, இடிக்குதா?"

"இந்தத் தண்டு ஏன் முன்னாடி இருக்கு?"

"பின்ன? பின்னாடி இருந்தா ஏர்க்காலை எப்படி மாட்டுறது? ஏர்க்கால் முன்னாடிதானே வரும். டிராக்டர் திரும்புனா ஏர்க்கால் திரும்பணும், அது திரும்புனா சக்கரம் திரும்பணும். அதுக்காக எங்கப்பா அச்சையே…" லாடி நிறுத்தினார். லூமிர் கேட்கும் விதம் அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"அச்சையே?"

"அச்சையே திருப்பி வச்சாரு. முன்பக்கம் பின்னாடி, பின்பக்கம் முன்னாடி. எல்லாரும் அப்படித்தானே செய்வாங்க? எங்க பக்கத்து வீட்டு வண்டியும் அப்படித்தான். ஏன்?"

லூமிர் அடியிலிருந்து வேகமாக வெளியே வந்ததில் நெற்றி வண்டிப் பலகையில் இடித்துக்கொண்டது. வலியைக் கவனிக்கவில்லை. "பின் அச்சு?"

"அதை எதுக்குத் திருப்பணும்? அதுல ஏர்க்கால் இல்லையே. வந்தபடியே மாட்டிட்டாரு."

லூமிர் எழுந்து நின்று லாடியின் இரண்டு தோளையும் பிடித்தான். "இப்படி நில்லுங்க. வடக்கப் பாத்து. உங்க இடது கை எந்தப் பக்கம்?"

"மேற்க. எனக்கு மூளை இன்னும் இருக்குடா."

"கையைத் தூக்கிக்கிட்டே இருங்க. இப்ப தெற்க பாத்துத் திரும்புங்க." திருப்பினான். "இப்ப அதே கை எங்க இருக்கு?"

"கிழக்க." லாடி தூக்கிய கையைப் பார்த்தார். அந்தக் கையிலிருந்து கண்ணை வண்டிக்குக் கொண்டுபோனார். சக்கரத்தைப் பார்த்தார். "அடக் கடவுளே."

"அதேதான். அச்சு திரும்பினா ஹப்பும் கூடவே திரும்பிடும். டாட்ஜுல இடதுபக்கம் இருந்த ஹப்பு, இந்த வண்டியில வலதுபக்கம் வந்துடுச்சு. மரை மாறல. பக்கம் மாறிடுச்சு."

லூமிர் கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வலதுபக்க முன்சக்கரத்துக்கு ஓடினான். லாடியின் அப்பா சக்கரம், போல்ட் எல்லாவற்றுக்கும் ஒன்றாகச் சிவப்புப் பெயின்ட்டைத் தடவியிருந்தார். மூன்று பூச்சு இருக்கும். ஒரு போல்ட்டின் தலையைத் தேய்த்தான். சிவப்பு உரிந்தது, துரு உரிந்தது, அடியில் கறுப்பு இரும்பு தெரிந்தது. இரும்பில் அச்சடித்திருந்தது: ஆங்கில எழுத்து எல். இடது மரை போல்ட்டுக்கு டாட்ஜ்காரர்கள் போட்ட அடையாளம். காலையிலேயே தேய்த்திருக்கலாம். ஆனால் வலதுபக்கம் என்று தெரிந்த பிறகு எழுத்தைத் தேடுவானேன் என்று விட்டுவிட்டான். அதுமட்டுமில்லை, பின்சக்கரங்கள் சொன்னபடி கேட்டுவிட்டதுதான் அவனை அதிகம் ஏமாற்றியது. விதி ஒருமுறை பலித்துவிட்டால் அப்புறம் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை, துருவைத்தான் சந்தேகிப்பார்கள்.

"அப்ப காலையிலேருந்து நீ…"

"கழட்டல. இறுக்கிக்கிட்டு இருந்திருக்கேன். நாலடிக் குழாயைப் போட்டு."

லாடி முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். முதலில் தோள் குலுங்கியது. பிறகுதான் சத்தம் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து அந்த மனிதர் சிரித்திருக்க மாட்டார். "முப்பத்தஞ்சு வருஷத் துரு இறுக்காததை நீ அரை நாள்ல இறுக்கிட்ட. தெரியாதவன் யாராவது வந்திருந்தாக்கூட பாதி கழட்டியிருப்பான்டா!"

"இடதுபக்கம் மட்டும் கழட்டியிருப்பான். வலதுபக்கம் அவனும் மாட்டிக்கிட்டிருப்பான்."

"சரி, எனக்கு ஒரு சந்தேகம்." லாடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சக்கரம் ஓடுறப்ப போல்ட்டைக் கழட்டிடும்னுதானே அந்த மரையே வச்சான்? பக்கம் மாறிப்போச்சுன்னா, முப்பத்தஞ்சு வருஷத்துல இது தானாவே கழண்டு விழுந்திருக்கணுமே?"

லூமிருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. நேரம் இல்லாவிட்டாலும் நின்று பதில் சொன்னான். "ரோட்டுல வேகமா, மைல் கணக்கா ஓடினா கழலலாம். நல்லா முடுக்கியிருந்தா அதுவும் நடக்காதுன்னு பின்னாடி அவங்களே இதைக் கைவிட்டுட்டாங்க. இது கொட்டகைக்கும் வயலுக்கும் மாடு நடக்கிற வேகத்துல போன வண்டி. எங்கேருந்து கழலும்?"

குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் ஸ்பேனரை மட்டும் எடுத்தான். எல் எழுத்துப் போல்ட்டில் மாட்டினான். அரை நாள் பழக்கத்தில் கை தானாக எதிர்ப்பக்கம் போனது. நிறுத்தி, முள் போகும் பக்கம் மாற்றிக்கொண்டு, காலால் ஒரு மிதி மிதித்தான். அசையவில்லை. தானே இறுக்கி வைத்தது அல்லவா. குழாயை மறுபடி செருகி மெல்லச் சாய்ந்தான். உலர்ந்த கீச்சென்ற சத்தம். துருப்பொடி ஒரு சிட்டிகை கொட்டியது. ஸ்பேனர் கால்வட்டம் நகர்ந்தது. அவன் இன்னொரு கால்வட்டம் திருப்பினான். பிறகு விரலாலேயே சுற்ற முடிந்தது.

லாடி கையை நீட்டினார். லூமிர் போல்ட்டை அதில் வைத்தான். அவர் அதைச் சட்டை நுனியில் துடைத்து, மரையை வெளிச்சத்தில் பார்த்து, பழைய காப்பி டப்பாவில் போட்டார். அடுத்ததற்குக் கையை நீட்டினார்.

மூன்றேகாலுக்கு வேலை முடிந்தது. அச்சைத் திருப்பிப் போட்ட வண்டியில் விதியையும் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான். வலதுபக்க முன்சக்கரத்தின் ஐந்து போல்ட்டையும் முள் போகும் பக்கம் திருப்பியபோது வந்தன. இடதுபக்கத்தில் மீந்திருந்த நான்கையும் எதிர்ப்பக்கம் திருப்பியபோது வந்தன. லாடி வீட்டுக்குள் போய் ஆர்டித்துக்குப் போன் போட்டார். கறுப்பு வண்டியைக் கழுவ வேண்டாம், நான்கு சக்கரமும் பத்தொன்பது போல்ட்டும் வருகின்றன, எல் எழுத்து உள்ள பத்தும் நார்பர்ட் வண்டியின் இடதுபக்கத்துக்கு, மற்ற ஒன்பதும் வலதுபக்கத்துக்கு என்று சொன்னார்.